கண்மாய்க் கருவையை எடுத்துட்டு என்ன வைக்கிறது? மூட்டம் போடுறவங்க எங்க போறது?

மேலக்கரையான் (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம். முதுகுளத்தூர் பக்கம் எங்க ஊரு. பேர் வேண்டாம், சின்ன ஊரு, சொன்னா ஆளைக் கண்டுபிடிச்சிருவாங்க. கண்மாய் முழுக்க சீமைக் கருவை. தண்ணி வந்த வருசத்துலகூடக் கரையில நின்னு பார்த்தா முள்ளுக்காடுதான் தெரியும். இந்தத் தடவை எடுத்தே தீரணும்னு மன்றத்துப் பசங்க முடிவு பண்ணிட்டோம். சவூதி, சிங்கப்பூர்ல இருக்கிற ஊர்க்காரங்க பணம் தர்றோம்ங்கிறாங்க. பொக்லைன் வாடகை, டீசல் எல்லாம் கணக்குப் போட்டாச்சு.

சிக்கல் என்னன்னா, கீழத்தெருவுல பாதிக் குடும்பம் கரிமூட்டத்தை நம்பித்தான் இருக்கு. ஊர்க்கூட்டத்துல ஒரு பெரியம்மா எந்திருச்சு, "நாட்டு மரம் வைக்கிறேங்கிறீகளே, அது எனக்கு எந்த வாரம்டா கூலி குடுக்கும்?"னு கேட்டுச்சு. யாரும் வாயைத் திறக்கலை.

அதான் இங்க வந்தேன். எங்க மண்ணுக்குரிய செடிகொடி திரும்ப வரணும். அந்தப் பெரியம்மாவுக்கும் பதில் வேணும். அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

பொட்டல்புழுதி

இதுல யோசிக்க என்ன கெடக்கு? அமெரிக்காக்காரன் ஹெலிகாப்டர்ல தூவிவிட்ட விஷ விதை. நிலத்தடி நீரை மட்டுமா, காத்துல இருக்கிற ஈரத்தையே உறிஞ்சுது. கேரளாக்காரன் ஒத்தை மரம் விடலை, அங்க மழை கொட்டுது. ஹைகோர்ட்டே 2017ல வெட்டச் சொல்லிருச்சு. அடியோட அழிங்க. கரி சுடுறவங்க வேற பொழப்பைப் பார்க்கட்டும்.

செடிகொடி_டீச்சர்

பொட்டல்புழுதி தம்பி, ஹெலிகாப்டரே கண்டுபிடிக்காத காலத்தில் வந்த மரம் இது. சென்னை மாகாண வனத்துறையில் இருந்த பெடோம் 1876ல் விதை கேட்டு எழுதினார். அடுத்த வருஷம் கடப்பைப் பக்கம் விதைத்தார்கள். வறண்ட பூமிக்கு விறகு வேண்டும் என்பதுதான் காரணம். சொந்த ஊர் மெக்சிகோ, மத்திய அமெரிக்கா, கரீபியன் பக்கம். பிறகு நம் ஆட்களே வேலிக்கென்று வாங்கி வைத்தார்கள். வேலிக்காத்தான் என்று செல்லப் பெயர் வேறு.

காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் என்பதற்கு ஆதாரம் கிடையாது. கேரளத்தில் மழை பெய்வது மேற்குத் தொடர்ச்சி மலையால். ஆனால் இந்த மரம் அப்பாவி என்றும் நான் சொல்லவில்லை. வேர் ரொம்ப ஆழம் போகும், மற்ற மரம் காய்ந்து நிற்கும் கோடையிலும் இது பச்சையாக நின்று தண்ணீர் குடிக்கும். இதன் சருகு கிடக்கும் இடத்தில் மற்ற விதைகள் முளைப்பது கஷ்டம். கொழுக்கட்டைப் புல், ஆவாரை, சங்கஞ்செடி எல்லாம் இருந்த பொட்டலில் இன்று இது ஒன்றுதான் நிற்கிறது. குற்றச்சாட்டு இந்த அளவே போதுமானது, இல்லாததைச் சேர்க்க வேண்டாம்.

நீதிமன்ற விஷயமும் அரைகுறையாகச் சொல்கிறீர்கள். 2017 தொடக்கத்தில் மதுரைக் கிளை அகற்றச் சொன்னது. அதே வருஷம் அறிவியல் ஆய்வு வேண்டும் என்று இடையில் நிறுத்தியும் வைத்தார்கள். அதன் பிறகு 2022ல் தமிழக அரசு அயல் ஊடுருவல் தாவரங்களுக்கென்று கொள்கையே வெளியிட்டது. அகற்றுவதோடு நிற்காமல் அந்த இடத்தின் பழைய சூழலை மீட்பதும் அதில் உண்டு. நம் ஊர்களில் முதல் பாதிக்கு மட்டும்தான் ஆள் வருகிறது.

மேலக்கரையான், பொக்லைனை இறக்குவதற்கு முன்னால் ஒன்று செய்யுங்கள். 2017 வேகத்தில் எங்கள் பக்கம் நாட்டுக் கருவேலையும் உடைமரத்தையும் சேர்த்துச் சாய்த்ததைக் கண்ணால் பார்த்தேன். ஓட்டுநருக்கு எல்லாம் முள்ளுதான். நாட்டுக் கருவேலுக்கு மஞ்சள் உருண்டைப் பூ, நெத்து சாம்பல் நிறத்தில் மணி கோத்த மாலை மாதிரி இடுங்கி இடுங்கி இருக்கும். சீமைக் கருவைக்குப் பூ கதிராக வரும், நெத்து மஞ்சளாக, இடுங்காமல் நீளமாக, இனிப்பாக இருக்கும். உடைமரம் குடை விரித்தது போலத் தட்டையாக நிற்பதால் தூரத்திலேயே தெரியும். வன்னியில் முள் சின்னது, கிளை நெடுகச் சிதறி இருக்கும். காக்க வேண்டிய மரத்துக்கெல்லாம் முதலில் சுண்ணாம்புப் பட்டை அடியுங்கள்.

மூட்டக்கரி

"வேற பொழப்பைப் பார்க்கட்டும்"னு எழுதுன அண்ணனுக்கு. எங்கப்பா மூட்டம் போட்டுத்தான் என்னை டிப்ளமோ படிக்க வச்சாரு. இப்ப நான் திருப்பூர்ல. வேற பொழப்பு எங்க இருக்குன்னு சொல்லுங்க, அப்பாவை அனுப்பி வைக்கிறேன்.

மூட்டம்னா என்னன்னு தெரியாதவங்களுக்குச் சொல்றேன். முள்ளைச் செதுக்கி, விறகைத் துண்டு போட்டு, கூம்பா அடுக்கணும். மேல சருகு, வைக்கோல் போட்டு ஈரமண்ணால மெழுகித் தீ வைக்கணும். உள்ள தீ எரியக் கூடாது, கனியணும். ராத்திரி பூரா ஆள் முழிச்சிருக்கணும். எங்கயாவது மண்ணு விரிஞ்சு காத்து உள்ள போச்சுன்னா மொத்தமும் சாம்பல். அஞ்சாறு நாள் கழிச்சுப் பிரிச்சா நாலஞ்சு டன் விறகுக்கு ஒரு டன் கரி கிடைக்கும், அதுவும் கை சுத்தமான ஆளா இருந்தா. அந்தப் புகையில நின்னு நின்னு எங்கப்பாவுக்கு இருமல் நிக்கவே மாட்டேங்குது. இந்தத் தொழில் ஒழியணும்னு நான் சொல்லுவேன். கேரளா மழையைப் பத்திப் பேசுறவங்க சொன்னா எரியுது.

ஏன் விடாம இருக்காங்கன்னா, எங்க ஊர்ல நெல்லும் மிளகாயும் மழையைப் பார்த்துத்தான். மழை ஏமாத்துனாலும் கருவை ஏமாத்தாது. பட்டா நிலத்தைத் தரிசாப் போட்டு மூணு நாலு வருசத்துக்கு ஒருக்கா வெட்டி விக்கிற சம்சாரிகளும் நிறைய. ஆனா அவங்களுக்கு நிலம் இருக்கு. எங்களை மாதிரி நிலமே இல்லாத ஆளுக்கு ஏலக்காரர் குடுக்கிற டன் கூலிதான். முன்பணம் வாங்கிட்டா அது தீர்ற வரைக்கும் அவர் சொன்ன காட்டுலதான் வெட்டணும். கருவையால யார் சம்பாதிக்கிறா, யாருக்கு முள்ளு குத்துதுன்னு பிரிச்சுப் பார்த்துட்டுப் பேசுங்க.

வார்டு_மெம்பர்_அக்கா

தம்பி சொல்றது அப்படியே நிஜம். அஞ்சு வருசம் வார்டு மெம்பரா இருந்தேன், ஏலக் கூத்தெல்லாம் பக்கத்துல இருந்து பார்த்தவ.

கண்மாய்க் கருவைக்கு மதிப்புப் போட்டு ஏலம் விடுவாங்க. எடுத்தவர் விறகை வெட்டிட்டுப் போயிருவார். "தூரோடு அகற்ற வேண்டும்"னு பத்திரத்துல இருக்கும். தூரை எடுக்கப் பொக்லைன் செலவு அவர் தலையில. விட்டு வச்சாலோ, மூணு வருசத்துல தழைஞ்சு நிக்கும், அடுத்த ஏலத்துக்கும் அவரே வந்து எடுப்பார். அப்புறம் அவர் ஏன் தூரைத் தொடுறார்? ஊராட்சிக்கும் அந்த ஏலப் பணம் வந்துக்கிட்டே இருந்தா தேவலைன்னுதான் இருக்கும். மரம் அழியக் கூடாதுங்கிறதுல எல்லாருக்கும் ஆதாயம். வெளிய சொல்ல மாட்டாங்க, அம்புட்டுத்தான்.

மன்றத்துத் தம்பிகளுக்கு இன்னொண்ணு. கண்மாய் யாருதுன்னு பார்த்தீங்களா? ஆயக்கட்டு, அதாவது அந்தக் கண்மாய்த் தண்ணி பாயுற நிலம், நூறு ஏக்கருக்கு மேலன்னா பொதுப்பணி, அதாவது இப்ப நீர்வளத்துறை. அதுக்குக் கீழன்னா ஊராட்சி ஒன்றியம். உள்ள வனத்துறை சமூகக் காடு வளர்ப்புல வச்ச நாட்டுக் கருவேல் இருந்தா அவங்களுக்கும் பங்கு இருக்கும். நல்ல காரியம்தானேன்னு மிஷினை இறக்கிட்டு, அப்புறம் ஸ்டேஷன்ல போய் நிக்காதீங்க. கிராம சபைத் தீர்மானம் முதல்ல.

கிடைக்கூட்டம்

நான் ஆடு மேய்க்கிறவன். செல்லுல பேசிப் போடுறேன், தப்பு இருந்தா திருத்திப் படிச்சுக்கங்க.

கோடையில புல்லு கருகிப் போனா கருவை நெத்துதான் ஆட்டுக்கு. இனிப்பா இருக்கும், விழுந்து விழுந்து திங்கும். அதையே தின்னா மாட்டுக்கு வயித்துக் கோளாறு வரும், அது வேற. அந்த விதை ஆட்டு வயித்துல சாகாது. புழுக்கையில வந்து மழைக்கு முளைக்கும். நாங்க வயல்ல கிடை போட்டுட்டுப் போனா, மறுவருசம் அங்க கருவைக் கன்னு நிக்குதுன்னு சம்சாரி வையுறான். அவன் வையுறதும் நியாயம்தான்.

மிஷின் வச்சுப் பிடுங்குனா முடிஞ்சுச்சுன்னு நினைக்காதீங்க. மண்ணுக்குள்ள கெடக்கிற விதை மொத மழைக்கே பாய் விரிச்ச கணக்கா முளைக்கும். அப்பவே, விரல் நீளத்துல இருக்கையிலயே கையால பிடுங்கிறணும். ஈர மண்ணுல சுளுவா வரும். ஒரு வருசம் விட்டா மண்வெட்டி கேட்கும், ரெண்டு வருசம் விட்டா திரும்ப மிஷினு. அடுத்த ஊர்க் கண்மாய்ல பேனரெல்லாம் கட்டி எடுத்தாக. இப்பப் போய்ப் பாருங்க, முன்னைக்கு இப்ப அடர்த்தி.

மூட்டக்கரி

@கிடைக்கூட்டம் அண்ணே, அந்தக் கன்னு பிடுங்குற வேலையை யார் செய்யுறது? மன்றத்துப் பசங்க முத நாள் போட்டோவுக்கு வருவாங்க. மூணு வருசம் வருவாங்களா? அதுக்குக் கூலி போட்டுக் கீழத்தெரு ஆளுகளுக்குக் குடுத்தா, அந்தப் பெரியம்மா கேட்டதுக்குப் பதில் அதுலயே இருக்கு.

மேலக்கரையான்

இந்தக் கோணத்துல நாங்க பேசவே இல்லை. வந்த பணம் பூராவும் டீசலுக்குத்தான்னு எழுதி வச்சிருக்கோம்.

பறவைக்கூடு

மதுரையிலிருந்து எழுதுகிறேன். கண்மாயை மொட்டையடிக்கும் முன் ஒரு வேண்டுகோள். உங்கள் மாவட்டத்துச் சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் பறவைகள் சரணாலயங்கள் இரண்டும் 2022ல் ராம்சர் என்ற உலக ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தவை. அங்கே நாரை, கொக்கு, கூழைக்கடா கூடு கட்டுவது கண்மாய்க்குள் நிற்கும் கருவேல மரங்களில்தான். நாட்டுக் கருவேல் கிடைக்காத இடத்தில் சீமைக் கருவையிலும் கட்டுகின்றன, பறவைக்கு அடிநீரும் முள்ளும் இருந்தால் போதும். சரணாலயம் இல்லாத கண்மாய்களிலும் இது நடக்கிறது. மழைக்குப் பின் கூடு கட்டி, குஞ்சு பறக்கும்வரை எந்த மரத்தையும் தொடாதீர்கள். கூடு உள்ள திட்டை விட்டுவைத்து, பக்கத்தில் நாட்டுக் கருவேல் வளர்ந்து பறவை இடம் மாறிய பிறகு எடுங்கள்.

பொட்டல்புழுதி

ஆளாளுக்கு ஒரு சாக்கு. பறவைக்காக விடு, கரிக்காக விடு, ஆட்டுக்காக விடு. கமுதிப் பக்கம் வல்லந்தையில பஞ்சாப்காரங்க வந்து இதே கருவைக்காட்டை வாங்கித் திருத்தி மா, கொய்யான்னு பழத்தோட்டமாப் போட்டுட்டாங்க. நம்மாளு வேடிக்கை பார்த்துட்டு நிக்கிறான்.

வார்டு_மெம்பர்_அக்கா

அவங்க உழைப்பைக் குறை சொல்ல மாட்டேன். ஆனா நம்மாளு வேடிக்கை பார்க்கலை தம்பி, அடிமாட்டு விலைக்கு நிலத்தை வித்துட்டுப் போனான். காடு திருத்த, ஆழ்துளை போட, மரம் காய்க்கிற வரைக்கும் உக்காந்து சாப்பிட மொதல் வேணும். ஒரு ஏக்கர் வச்சிருக்கிறவன்கிட்ட அது இல்லை. அதோட பழத்தோட்டம் வேற, நாட்டுத் தாவரம் திரும்புறது வேற. ரெண்டையும் ஒரே சாக்குல போட்டுக் கட்டாதீங்க.

கூடலூர்வாசி

இழைக்கு வெளியேன்னா மன்னிக்கணும். எங்க பக்கம் கருவைக்குப் பதில் உண்ணிச்செடி. முதுமலைக் காட்டுக்கு அடியில புல்லே இல்லாமப் பண்ணிருச்சு. அந்தக் குச்சியை வேகவச்சு வளைச்சு நிஜ யானை அளவுக்கே யானை உருவம் பழங்குடி ஆளுங்க செய்யுறாங்க. 2021ல லண்டன் பூங்காக்கள்ல கொண்டுபோய் நிறுத்துனாங்க. மஞ்சக் கொன்றைன்னு இன்னொரு அயல்மரம், அதைக் காகித ஆலைக்கு அனுப்புறாங்க. எடுக்கிற பொருளுக்கு விலை இருந்தா எடுக்கிற கூலி அதுலயே வந்துரும்.

செடிகொடி_டீச்சர்

விலை இருப்பதில்தான் கண்ணியும் இருக்கிறது. குஜராத்தில் கட்ச் பகுதியின் பன்னிப் புல்வெளியைப் பாருங்கள். 1960களின் தொடக்கத்தில் உப்பு பரவாமல் தடுக்க வனத்துறையே இந்த மரத்தை நட்டது. எருமை மேய்க்கும் மால்தாரிகளின் புல்வெளியை அது விழுங்கியது. 2004ல் கரி சுடுவதற்கு இருந்த தடையை நீக்கினார்கள். வெட்டு வேகமெடுத்தபோது நாட்டு மரங்களும் மூட்டத்துக்குள் போயின. 2008ல் மறுபடி தடை. எருமைக்காரருக்குப் புல் வேண்டும், கரியில் காசு பார்த்தவருக்கு மரம் வேண்டும், பல வீட்டில் இரண்டு பேரும் ஒரே ஆள்.

ஆகவே கரிக்கு விலை இருக்கும்வரை, "முழுக்க எடு" என்று வெட்டுகிறவரிடம் சொல்வது அவர் கஞ்சியில் மண் போடச் சொல்வதுதான். எடுத்த பிறகு அந்த நிலத்தில் வருவது அவருடையது என்று எழுதிக் கொடுத்தால் ஒழிய அவர் ஏன் தூரைத் தோண்ட வேண்டும்?

மூட்டக்கரி

டீச்சர், இதைத்தான் எனக்குச் சொல்லத் தெரியலை.

மேலக்கரையான்

சரிங்க டீச்சர். எழுதிக் குடுக்கிறோம்னு வைங்க. அங்க என்ன வரும்? நர்சரியில கேட்டா தேக்கு, மகோகனி, வேம்பு, புங்கைங்கிறாங்க.

செடிகொடி_டீச்சர்

தேக்கை உங்கள் உப்புத் தரையில் வைத்தால் குச்சிதான் நிற்கும். இலவசமாகக் கிடைக்கிறது என்பதற்காக எதையும் வாங்கி வைக்காதீர்கள்.

முதலில் கண்மாய் உள்வாய். அங்கே புதிதாக மரமே வேண்டாம் என்பேன். இருக்கிற நாட்டுக் கருவேல் போதும். தண்ணீர் வற்றினால் அறுகும் கோரையும் தானே வரும். மேய்ச்சல் வரும், மீன் பிடிக்க வலை வீச முடியும். பொக்லைன் குழி போட்டுவிட்டுப் போகாமல் மட்டம் செய்ய வையுங்கள்.

கரையில் பனை. சாயல்குடிக் கருப்பட்டி ஊர் உங்களுக்குப் பக்கம்தானே, விதைக்குப் பஞ்சமில்லை. புரட்டாசி ஐப்பசியில் பனங்கொட்டையை நேரே ஊன்றினால் போதும். ஆனால் பதநீர் இறக்கப் பதினைந்து இருபது வருஷம் ஆகும், அது பேரனுக்கு. கரையின் வெளிச் சரிவில் வன்னி, உடை. மண் உவர்ப்பாக இருந்தால் உகா. உடை நெத்து ஆட்டுக்கு நல்ல தீனி, கிடைக்கூட்டத்துக்குத் தெரிந்திருக்கும். இவை எந்த நர்சரியிலும் கிடைப்பதில்லை, அதுவே ஒரு வேலைவாய்ப்பு. கீழத்தெருப் பெண்கள் குழு விதை பொறுக்கி நாற்று போடட்டும். உடை விதைக்குத் தோல் கெட்டி, வெந்நீரில் போட்டு ஆறவிட்டு, ஓர் இரவு ஊறியதும் பையில் ஊன்ற வேண்டும். ஊராட்சியும் வனத்துறையும் அந்தக் குழுவிடம் கன்று வாங்கட்டும்.

சீக்கிரம் காசு தருவது மரமல்ல, செடிதான். கருவை எடுத்த புறம்போக்கில் ஆவாரை விதையுங்கள், சீக்கிரமே பூவுக்கு வந்துவிடும். ஆவாரம்பூ, நெருஞ்சில், கீழாநெல்லி, கரிசலாங்கண்ணி எல்லாம் நாட்டு மருந்துக்கடைக்குப் போகிற சரக்கு. மதுரையில் 2000ல் கிராம மூலிகை என்று ஒரு நிறுவனம் தொடங்கினார்கள், மூலிகை சேகரிக்கிறவர்களின் குழுக்களே அதில் பங்குதாரர்கள். தனியாளாகக் கமிஷன் கடையில் கொட்டுவதற்கும் குழுவாக விற்பதற்கும் எடையிலேயே வித்தியாசம் தெரியும். ஒன்று மட்டும், வேரோடு பிடுங்கும் சரக்கை முழுக்க வழிக்காமல் விதை விழ விட வேண்டும்.

கிடைக்கூட்டம்

உடை நெத்து நல்ல தீனிதான். ஆனா கன்னா இருக்கையில ஆடு விடாது டீச்சர். நாங்க எங்கிட்டு மேய்க்கிறதுன்னும் அந்தத் தீர்மானத்துல எழுதுங்க. எழுதலைன்னா ராத்திரியில ஆடு உள்ளதான் போகும், சொல்லிப்புட்டேன்.

ஒரு யோசனை இருக்கு. கருவை நெத்தைப் பொறுக்கி அரைச்சு மாவாக்குனா விதையும் சேர்ந்து நொறுங்கிரும். மாவு ஆட்டுக்குத் தீனி. கிலோவுக்கு இவ்வளவுன்னு பொறுக்குற பிள்ளைகளுக்குக் குடுத்தா எங்களுக்குத் தீனியும் ஆச்சு, விதையும் பரவாது.

மட்டுறுத்துநர்

சாதிப் பெயர் சொல்லி எழுதிய இரண்டு பதிவுகள் நீக்கப்பட்டன. கருத்தோடு மட்டும் மோதுங்கள்.

பொட்டல்புழுதி

நெத்தை அரைக்கிற யோசனை நல்லாருக்கு, ஒத்துக்கிறேன். மரத்தை மெதுவா எடுக்கிறதுக்கு மட்டும் ஒத்துக்க மாட்டேன். ஒரு பக்கம் எடுக்க எடுக்க மறுபக்கத்து விதை வந்து விழுந்துக்கிட்டே இருக்கும்.

செடிகொடி_டீச்சர்

அது உண்மைதான். அதனால்தான் தண்ணீர் வரும் கால்வாயிலிருந்து, மேலிருந்து கீழாகத் தொடங்கச் சொல்வேன். வரத்துக்கால் சுத்தமில்லாமல் உள்வாயை மட்டும் எடுத்தால் முதல் வெள்ளமே விதையைக் கொண்டுவந்து சேர்க்கும்.

வார்டு_மெம்பர்_அக்கா

மேலக்கரையான், அக்டோபர் 2 கிராம சபைக்கு இப்பவே மனுவைத் தயார் பண்ணு. ஏலத்தை விறகுக்கு விடாம, இடத்துக்கு விடச் சொல்லு. இத்தனை ஏக்கர், அஞ்சு வருசம், மகளிர் குழுவுக்கு. விறகும் கரியும் அவங்களுக்கு, தூர் எடுக்கிறதும் கன்னு பிடுங்குறதும் அவங்க பொறுப்பு, அப்புறம் வர்ற பூவு, மூலிகை, நெத்து எல்லாம் அவங்க பாத்தியம். ஊராட்சியில பல்லுயிர் மேலாண்மைக் குழுன்னு ஒண்ணு பேருக்கு இருக்கும், பதிவேடும் இருக்கும். யார் எழுதுனதுன்னு தெரியாம எங்கயோ பீரோவுல கெடக்கும். அதை வாங்கி, கண்மாய்ல இப்ப என்னென்ன நாட்டுச் செடி மிச்சம் இருக்குன்னு டீச்சரை வச்சு எழுதுங்க. பின்னால எவனாவது கண்மாயைக் கேட்டு வந்தா காட்ட ஒரு காகிதம் வேணும். மதுரைப் பக்கத்து அரிட்டாபட்டியை 2022ல பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம்னு அறிவிச்சிருந்தும், 2024ல டங்ஸ்டன் சுரங்கத்துக்கு அந்தப் பக்கம் ஏலம் விட்டாங்களே. காகிதம் மட்டும் காப்பாத்தலை, சனமும் ரோட்டுக்கு வந்துச்சு. 2025 ஜனவரியில ரத்தாச்சு.

மேலக்கரையான்

நேத்து ராத்திரி திரும்பக் கூட்டம் போட்டோம். மொத்தக் கண்மாயும் இந்த வருசம் வேண்டாம், வரத்துக்காலும் மடைப் பக்கமும் மட்டும்னு பேசியாச்சு. ரெண்டு பேர் கோவிச்சுக்கிட்டு எந்திருச்சுப் போயிட்டாங்க. வெளிநாட்டுக்காரங்ககிட்டப் பேசுனதுல, பாதிப் பணத்தை டீசலுக்கு, மீதியை மூணு மழைக்குக் கன்னு பிடுங்குற கூலிக்குன்னு ஒதுக்கச் சம்மதிச்சிருக்காங்க. சுண்ணாம்பு வாங்கியாச்சு. நாளைக்கு அந்தப் பெரியம்மாவே கூட வந்து மரம் காட்டுறேன்னு சொல்லியிருக்கு, எங்களுக்கு உடைக்கும் கருவேலுக்கும் இன்னும் தடுமாற்றம்தான்.

மகளிர் குழுவுக்குக் குத்தகைங்கிறதுக்குத் தலைவர் பிடி குடுக்கலை. "ஏலம் போனா ஊராட்சிக்கு வர்ற பணத்தை யார் குடுப்பா?"ங்கிறாரு.

மூட்டக்கரி

அந்தக் கேள்விக்குக் கணக்கோட போங்க. கடைசி ரெண்டு ஏலத்துல எவ்வளவு வந்துச்சு, யார் எடுத்தாங்க, தூர் எடுத்தாங்களான்னு தகவல் உரிமைச் சட்டத்துல கேளுங்க. எங்கப்பா பேர்ல மனு போடுறேன், அவருக்கு இனி ஏலக்காரர்கிட்ட முன்பணம் பாக்கி கிடையாது.

இன்னொண்ணு, கூலியை வாரக் கடைசியில கையில குடுங்க. நூறு நாள் வேலைக் காசு மாதிரி எப்ப வரும்னு தெரியாம இருந்தா, ஏலக்காரர் முன்பணத்தோட வாசல்ல வந்து நிப்பாரு.

மேலக்கரையான்

சனிக்கிழமை சாயங்காலம் கூலி. நோட்டுல எழுதிட்டேன். மனு நகலை இங்கயே போடுறேன், அக்கா திருத்திக் குடுங்க.